அரைக் கொட்டகைப் புழுவும் ஒரு முதுகலைப் பட்டமும்

தர்மபுரி மாவட்டத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியவர்களுக்குப் பஞ்சமில்லை. அதற்காகக் கடன் வாங்கியவர்களும் உண்டு, காட்டை விற்றவர்களும் உண்டு. ஆனால் ஒரு பட்டத்துக்கு ஆகும் செலவை ரூபாயில் எழுதிப் பார்த்ததோடு நிற்காமல் உயிர்க்கணக்கிலும் எழுதிப் பார்த்த மனிதர், நான் அறிந்தவரை, உலகத்திலேயே ஒருவர்தான். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. விண்ணப்பங்களில் அதை நானே பலமுறை தட்டச்சு செய்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பெயரால் அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பட்டுப்புழு வளர்த்துக் கூடு விற்கிறவர் என்பதால் கூட்டுக்காரர். அவருடைய மனைவி மாதம்மாள்கூட மற்றவர்களிடம் பேசும்போது ‘எங்க கூட்டுக்காரரு’ என்றுதான் சொல்லுவார்.

சில ஆண்டுகளுக்கு முன், சமூகப்பணியில் பட்டம் வாங்கிய கையோடு, நான் தர்மபுரியில் ஓர் உயர்கல்வி வழிகாட்டி மையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மையம் என்பது ஒரு டீக்கடையின் மாடி. ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், மழைக்காலத்தில் மட்டும் வேலை செய்யாத ஒரு பிரிண்டர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் வருவார்கள். படிப்புகளை எடுத்துச் சொல்லுவேன். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு படிப்பும் ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதையும் எடுத்துச் சொல்லுவேன். இரண்டாவதைச் சொல்லத் தொடங்கியதும் பெரும்பாலோர் டீ குடிக்கக் கீழே இறங்கிவிடுவார்கள்.

கூட்டுக்காரர் இறங்கவில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் துண்டும் துண்டில் மல்பெரி இலைத் துணுக்குகளுமாக வந்து நின்றார்.

“மேடம், இங்க படிப்பு குடுக்கறீங்கன்னு சொன்னாங்க.”

“வழிகாட்டுறோம்ங்க. பையனுக்கா, பொண்ணுக்கா?”

“எனக்குத்தானுங்க.”

அவர் முன்பே அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்திருந்தார். முதுகலை எதற்கு என்று கேட்டேன். சமூக மாற்றம், அறிவுத் தேடல் என ஏதாவது வரும் என்று குறிப்பெடுக்கப் பேனாவைத் திறந்தும் வைத்திருந்தேன்.

“எஞ் சகலை எம்.ஏ. படிச்ச வாத்தியாருங்க. எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில எனக்கு எதிர்லயே வந்து உக்காந்துக்கறாரு. ‘நீங்க பி.ஏ.வோட நிறுத்திட்டீங்கல்ல?’ன்னு ரசத்துக்கு முன்னாடி ஒருக்கா கேக்கறாரு, மோருக்கு முன்னாடி ஒருக்கா கேக்கறாரு. சோறே எறங்கமாட்டேங்குது.”

பேனாவை மூடினேன். எந்தப் பாடம் விருப்பம் என்று கேட்டேன். தம் தாலுகாவில் யாரிடமும் இல்லாததாகப் பார்த்துக் கொடுக்கும்படி சொன்னார். தமிழ் என்றேன்; சகலை வைத்திருப்பதே அதுதான் என்றார். வரலாறு ஊரில் இரண்டு பேரிடம் இருந்தது. பொருளாதாரம் ஒருவனிடம் இருக்கிறதாம், அவனுக்கே அது உதவவில்லையாம். பட்டியலின் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டேன்.

“பௌத்தவியல்னு ஒண்ணு இருக்குங்க. சென்னையில ஒரு பல்கலைக்கழகத்துல. புத்தர் சொன்னது, பாலி மொழி, அறநெறி இதெல்லாம் வரும்.”

“அது யார்கிட்டயாச்சும் இருக்குதுங்களா?”

“இந்தப் பக்கம் எனக்குத் தெரிஞ்சு யாரும் படிக்கல.”

“அதக் குடுத்துருங்க.”

புத்தரைப் பற்றித் தெரியுமா என்று கடமைக்காகக் கேட்டேன். “கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருப்பாரே? தெரியும்ங்க. யார் வம்புக்கும் போகாத மனுசன்” என்றார்.

செலவுப் பட்டியல் போடாமல் ஒருவரையும் நான் படிப்பில் சேரவிடுவதில்லை. கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், நூல்கள், நேர்முக வகுப்புகளுக்குச் சென்னை போய்வரப் பேருந்து, தங்குமிடம், ஆய்வேட்டுக்கு அச்சும் பைண்டிங்கும் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அவர் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டுத் தமக்குப் புரியும் நாணயத்துக்கு மாற்றினார்: “ஒரு பருவத்துக்கு ஒரு பேட்ச்.” அதாவது, குட்டிப் புழுக்களை வாங்கி, ஒரு மாதம்போல இலை போட்டு வளர்த்து, அவை கூடு கட்டியதும் தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலத்துக்கு வைத்தால் கிடைக்கும் வருமானம். அதில் வீட்டுச் செலவு போக மிஞ்சுவது ஒரு பருவக் கட்டணத்துக்குச் சரியாக இருக்கும். யாரிடமும் கையேந்தாமல், சொந்த உழைப்பில் படிக்க முன்வந்த ஒருவரைப் பார்த்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த மாத அறிக்கையில் அவரைப் பற்றி ஒரு பத்தியும் எழுதினேன்.

முதல் பருவம் அமைதியாகப் போயிற்று. கம்பைநல்லூர்ப் பக்கம் அவருடைய தோட்டத்தில் இருந்த புழுக்கொட்டகைதான் அவருக்கு வகுப்பறை. தட்டுகளுக்கு நடுவே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கைப்பேசியில் இணையவழி வகுப்பைக் கேட்பார். வளர்ந்த புழுக்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக இலை தின்றால் ஓட்டின்மேல் மழை பெய்வதுபோல ஓசை வரும். ஒருநாள் பேராசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு, “தர்மபுரியில் நல்ல மழையோ?” என்று கேட்டாராம்.

“இல்லைங்க ஐயா. சாப்பிடறாங்க.”

எத்தனை பேர் என்று பேராசிரியர் கேட்கவில்லை. ஏதோ கூட்டுக்குடும்பம் என்று நினைத்திருக்க வேண்டும்.

பாலி மொழியில் அவர் நல்ல மதிப்பெண் வாங்கினார். சொற்களைப் புழுக்களுக்கு முன் உரக்கச் சொல்லிப் பழகியது காரணமாக இருக்கலாம். மாதம்மாள் மட்டும், “எலயப் போட்டுட்டுப் படிங்க. பசியில இருக்கறவங்களுக்குப் பாடம் எதுக்கு?” என்று சொல்லுவாராம்.

இரண்டாம் பருவத்தில் அறநெறித் தாள் வந்தது. அதன் முதல் பாடமே உயிர்க்கொலை தவிர்த்தல். அதைப் படித்த அன்று கூட்டுக்காரர் என் மாடிக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“மேடம், எங்கிட்ட கூடு வாங்கறவங்க அதக் கொண்டுபோயி என்ன பண்றாங்கன்னு தெரியும்ங்களா?”

“நூல் எடுக்கறாங்க.”

“அதுக்கு முன்னாடி?”

எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லத்தான் தயங்கினேன். அவரே சொன்னார். கூட்டைக் கொதிக்கும் நீரில் போட்டால்தான் நூல் அறுபடாமல் வரும். உள்ளே இருக்கும் கூட்டுப்புழு அப்போது உயிரோடுதான் இருக்கும்.

“இருபது வருசமா இதத்தானே செய்யறீங்க. இத்தன நாளாத் தெரியாதுங்களா?”

“தெரியும்ங்க. ஆனா பாடத்துல வந்ததில்லைங்களே.”

பேராசிரியரைக் கேட்போம் என்று அவருக்குக் கைப்பேசியில் அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டேன். கொல்வது வாங்குகிறவர் என்றால் விற்கிறவருக்குப் பாவம் உண்டா, உண்டென்றால் அந்தப் பணத்தில் படித்த பௌத்தம் செல்லுமா என்று கூட்டுக்காரர் தெளிவாகக் கேட்டார்.

“மிக ஆழமான வினா. இதையே உங்கள் ஆய்வுத் தலைப்பாக வைத்துக்கொள்ளலாம்” என்றார் பேராசிரியர்.

இணைப்பைத் துண்டித்ததும் கூட்டுக்காரர் என்னைப் பார்த்தார். “விடை கேட்டா தலைப்பு குடுக்கறாருங்க. தலைப்புன்னா அதுக்குத் தனியா ஃபீஸ் இருக்குதுங்களா?”

இருந்தது.

அடுத்த பேட்ச் கூட்டை அவர் விற்றார், விற்காமல் முடியாது. ஆனால் விற்றவிதம் அங்காடியில் வெகுநாள் பேசப்பட்டது. ஏலத்துக்கு முன்பு, நூற்பாளர்கள் தட்டுத் தட்டாகப் போய்க் கூட்டைக் கையில் அள்ளி, காதருகே குலுக்கி, தரம் பார்ப்பார்கள். கூட்டுக்காரர் தம் தட்டருகே நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொருவரையும் நேர்காணல் செய்யத் தொடங்கினார்.

“நீங்க எத்தன நிமிசம் வேகவெப்பீங்க?”

“வலிக்காம ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?”

கர்நாடகப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வியாபாரி கூட்டைக் கீழே வைத்துவிட்டு, “ஏனு சாமி இது? நான் கூடு வாங்க வந்தனா, பொண்ணு கேட்டு வந்தனா?” என்றார். ஏலம் நடத்தும் அலுவலர் ஓடிவந்தார். “கூட்டுக்காரரே, இங்க வெல கேக்கத்தான் எடம் இருக்குது. பட்டிமன்றத்த வெளிய வெச்சுக்கங்க.” இத்தனை கேள்வி கேட்கிறவரிடம் கூட்டில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்று வியாபாரிகள் முடிவுகட்ட, விலை இறங்கிப்போயிற்று. மனச்சான்றுக்கும் அங்காடி விலைக்கும் உள்ள உறவு குறித்து அன்று நான் நிறையச் சிந்தித்தேன்.

மாதம்மாள் சிந்திக்கவில்லை. நேராக என் மாடிக்கு வந்தார்.

“நீதான கண்ணு எங்க கூட்டுக்காரருக்குப் படிப்பு குடுத்தது?”

“வழிகாட்டினேன்க்கா.”

“திருப்பி எடுத்துக்கறதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதா?”

இல்லையென்றேன். அவர் பெருமூச்சு விட்டார். “எங்கூர்ல ஆம்பளைங்க குடிக்கறாங்க, சீட்டாடறாங்க. அதுக்கெல்லாம் என்ன சொல்லித் திட்டறதுன்னு எனக்குத் தெரியும். புத்தரப் படிக்கறவர என்ன சொல்லிக் கண்ணு திட்டறது?”

இப்படியே மூன்று பருவங்கள் கடந்தன. கடைசிப் பருவக் கட்டணத்துக்கான பேட்ச் கொட்டகையில் மஞ்சள் மஞ்சளாகக் கூடு கட்டி முடித்திருந்த நேரத்தில், கூட்டுக்காரர் தம் முடிவை அறிவித்தார். இந்தப் பேட்ச் அங்காடிக்குப் போகாது. அந்துப்பூச்சிகள் கூட்டைத் துளைத்துக்கொண்டு தாமாக வெளியே வரட்டும், விடுதலை. துளைபட்ட கூட்டிலிருந்து நீளமாக நூல் எடுக்க முடியாது என்பதால் அதற்கு அடிமாட்டு விலைதான். கட்டணத்துக்குக் கடைசித் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டாவிட்டால் தேர்வு எழுத முடியாது. அத்தனை பேட்ச் கூடும் கொதிநீரில் விழுந்ததற்கு ஒரு பட்டம்கூட மிஞ்சாமல் போய்விடும். நிலைமையை நேரில் அறிய நான் கம்பைநல்லூர்ப் பேருந்தில் ஏறினேன்.

நான் போனபோது மாதம்மாள் கொட்டகையின் குறுக்கே துணி காயப்போடும் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பக்கம் பாதி உங்க புத்தருக்கு. இந்தப் பக்கம் பாதி எனக்கு. எம் பாதிய நான் விக்கறேன்.”

“பாவம், மாதம்மா” என்றார் கூட்டுக்காரர்.

“எனக்கே இருக்கட்டும். நான் என்ன எம்.ஏ.வா படிக்கறேன்? உங்க ஃபீஸக் கட்டிட்டு நீங்க சுத்தமாப் பரீட்ச எழுதுங்க.”

சொன்னபடி விற்றார். கட்டணத்துக்கான பணத்தைக் கொண்டுவந்து டிவிக்குக் கீழே, ரிமோட்டுக்கு அடியில் வைத்தார். கூட்டுக்காரர் அதைத் தொடவில்லை. ரிமோட்டையும் தொடவில்லை, ரிமோட்டை எடுத்தால் பணத்தில் கைவைத்ததாகிவிடுமாம். அந்த வீட்டில் செய்தி பார்ப்பதுகூட நின்றுபோயிற்று.

அவருடைய பாதியில் விடுதலை தொடங்கியது. பட்டு அந்துப்பூச்சிகளுக்குப் பறக்கத் தெரியாது. சிறகை அடித்துக்கொண்டே நடக்கும், ஏறும், உட்காரும், ஜோடி சேரும். கொட்டகை போதாமல் வீட்டுச் சுவர், கொடித் துணி, அரிசி மூட்டை என எல்லா இடத்திலும் வெள்ளை வெள்ளையாக இருந்தன. செய்தி கேள்விப்பட்டுச் சகலை நலம் விசாரிக்க வந்தார். வெள்ளைச் சட்டை. வாசலிலேயே நின்றுகொண்டு, “என்ன சகலை, எம்.ஏ.வுக்குப் பிராக்டிகல் வேற இருக்குதா?” என்றார். அதற்குள் இரண்டு பூச்சிகள் அவர் தோளில் ஏறிவிட்டன.

“பயப்படாதீங்க சகலை, கடிக்காது. அதுக்கு வாயே வேல செய்யாது.”

“அப்புறம் எதத் தின்னு உசுரோட இருக்குது?”

“ஒன்னும் திங்காதுங்க. அஞ்சாறு நாள்தான் இருக்கும். அதனாலதான் சீக்கிரமா விடுதல குடுத்துட்டேன்.”

சகலை திரும்பிப் போகும்போது முதுகில் பழுப்பு நிறத்தில் பல கறைகள் இருந்தன. கூட்டைவிட்டு வெளியே வரும் பூச்சி முதலில் செய்கிற காரியம் அது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. பேருந்தில் அவருக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காராததைத் தம் மீதுள்ள மரியாதையாக அவர் எடுத்துக்கொண்டிருப்பார்.

பூச்சிகள் செத்தன. அவை இட்ட முட்டைகள் சாகவில்லை. ஒரு பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும் என்பது இருபது வருடம் புழு வளர்த்தவருக்குத் தெரியாததல்ல. அதுவும் பாடத்தில் வரவில்லை, அவ்வளவுதான். பத்துநாள்போலக் கழித்து, எறும்புக் கூட்டம்போல் குட்டிப் புழுக்கள் வெளிவந்தன. அவற்றுக்குக் கொழுந்து இலை வேண்டும். ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் மல்பெரிச் செடிகளை அடியோடு கவாத்து செய்வது வழக்கம். கூட்டுக்காரரும் வழக்கம்போல் வெட்டியிருந்தார். தோட்டத்தில் ஓரிலை இல்லை. பொரிந்த உயிர்கள் எத்தனை, எத்தனை பட்டினியில் சாகும் என்று நான் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். காப்பாற்றப்பட்டவற்றைவிடச் சாகப்போகிறவை பல மடங்காக வந்துகொண்டிருந்தன.

கூட்டுக்காரர் கோணிப்பையோடு அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் இலை கேட்டு அலைந்தார்.

“என்ன கூட்டுக்காரரே, பிச்ச எடுக்கறதும் பாடத்துல வருதா?” என்று ஒருவர் வரப்பிலிருந்து கேட்டார்.

“வருதுங்க. ஆனா அது சோத்துக்கு. எலைக்கு ஒன்னும் சொல்லல.”

அவரவர் புழுவுக்கே இலை போதாத காலம். ஒரு கைப்பிடி இரண்டு கைப்பிடிக்கு மேல் யாரும் தரவில்லை. நான் இரண்டாம் முறை போனபோது, அவர் கொட்டகையில் தம் பாதியில் உட்கார்ந்திருந்தார். தட்டுகளில் குட்டிகள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. பசித்தால் அப்படித்தான் ஆட்டும் என்றார்.

அப்போது மாதம்மாள் தலையில் ஒரு மூட்டையோடு உள்ளே வந்தார். தம் அண்ணன் தோட்டத்துக்குப் போய்க் கொழுந்தாகக் கிள்ளிக்கொண்டு வந்திருந்தார். கயிற்றைத் தூக்கித் தலைக்கு மேலே விட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போனார். மூட்டையைக் கூட்டுக்காரர் மடியில் போட்டார்.

“விடுதல குடுத்தவரு எந்திரிச்சு எலய அரிங்க. பொடிசா அரியணும். பச்சப் புள்ளைங்க.”

“உன் பக்கம் அது இல்லையே மாதம்மா” என்றார் அவர்.

“எம் பக்கம் உங்க பக்கம்னு அதுங்களுக்குத் தெரியுதா? அரிங்க சொல்றேன்.”

இருவரும் உட்கார்ந்து அரிந்தார்கள். அந்தக் குட்டிகளில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. சில பிழைத்தன. நான் கடைசிப் பேருந்துக்குக் கிளம்பியபோது, கயிறு அவிழ்ந்து தரையில் கிடந்தது. யார் அவிழ்த்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

கட்டணத்துக்குக் கடைசி நாளன்று கூட்டுக்காரர் மாடிக்கு வந்தார். துண்டில் முடிந்திருந்த பணத்தை மேசைமேல் வைத்தார். “கட்டிருங்க மேடம்” என்றார். இணையத்தில் கட்டினேன். பிரிண்டர் அன்று வேலை செய்தது. ரசீதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவர், போகாமல் நின்றார்.

“இன்னொரு வேலை இருக்குதுங்க. அவ வித்ததுல வந்த பாவத்துல பாதிய எம் பேருக்கு மாத்தணும். அதுக்கு ஏதாச்சும் ஃபாரம் இருக்குதுங்களா?”

“அப்படி ஒண்ணும் இல்லைங்க.”

“பேங்க்ல ரெண்டு பேரு பேர்லயும் கணக்கு வெக்கறாங்களே, அந்த மாதிரி?”

நான் அவரை உட்காரச் சொன்னேன். எந்த மனுவையும் நான் தட்டிக்கழிப்பதில்லை. எழுதித் தருகிறேன், பெறுநர் என்று யாரைப் போடுவது என்று கேட்டேன்.

“அங்கதாங்க சிக்கல். எம் பாடத்துல கடவுள் இல்ல.”

வாய்மொழித் தேர்வுக்கு மாதம்மாளையும் சென்னைக்கு அழைத்துப் போனார். எனக்கும் அன்று அங்கே ஒரு பயிற்சி வகுப்பு இருந்தது; அதை விட்டுவிட்டு இவர்களோடு போனேன். கதவு திறந்தே இருந்தது. நானும் மாதம்மாளும் வெளியே விசிப்பலகையில் உட்கார்ந்திருந்தோம். தேர்வாளர் ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

“பட்டு வளர்ப்பில் பாவம் யாருக்கு என்று இவ்வளவு பக்கம் ஆராய்ந்திருக்கிறீர்கள். முடிவுரை எங்கே?”

“எழுதலைங்க ஐயா.”

“ஏன்?”

“நூல்களப் படிச்சா பாவம் எஞ் சம்சாரத்துக்குன்னு வருதுங்க. கடைசி பேட்ச அவதான் வித்தா. படிச்சது நானு, ஃபீஸ் கட்டினது அவ. அவள மாட்டிவுட்டு நான் பட்டம் வாங்கறதுக்கு மனசு வரல. அதனால நிறுத்திட்டேன்.”

என் பக்கத்தில் மாதம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வேக்காடு. சென்னையில எப்படித்தான் இருக்காங்களோ” என்றார். மின்விசிறி எங்களுக்கு நேர்மேலே ஓடிக்கொண்டிருந்தது.

முடிவுரை இல்லாத ஆய்வேட்டுக்கு எவ்வளவு குறைவாகப் போட முடியுமோ அவ்வளவு குறைவாகப் போட்டுத் தேர்ச்சி கொடுத்தார்கள். கூட்டுக்காரர் எம்.ஏ. ஆனார். மல்பெரியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டார்கள்.

மரவள்ளி வேர்பிடித்த சமயத்தில் இருவரும் சேர்ந்து மாடியேறி வந்தார்கள். அவர் என் முன்னால் அமர்ந்து, பிஎச்.டி. என்று ஒன்று இருக்கிறதாமே என்றார். நான் மாதம்மாளைப் பார்த்தேன்.

“குடு கண்ணு. கேக்கறாரில்ல?” என்றார் மாதம்மாள். “ஆனா இந்த வாட்டி அதுல எதெதெல்லாம் பாவம்னு முன்னாடியே படிச்சுச் சொல்லிரு. நான் அதுக்குத் தகுந்த பயிரா வெச்சுக்கறேன்.”

முனைவர் பட்டப் படிப்புகளைப் பல்கலைக்கழகவாரியாகத் தேடத் தொடங்கினேன். சீக்கிரம் முடிகிறவையும் இருந்தன, ஆண்டுக்கணக்கில் இழுக்கிறவையும் இருந்தன. செலவையும் பின்விளைவையும் சீர்தூக்கிப் பார்த்தால் முதல் வகையைத்தான் நான் பரிந்துரைத்திருக்க வேண்டும். ஆனால் படிப்பு முடியும்வரை இவர்கள் இருவரும் இந்த மாடிக்கு வந்துபோய்க்கொண்டிருப்பார்களே என்று தோன்றியது. இருப்பதிலேயே நீளமான படிப்பாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.